துலாவில் ஏறிய தம்பிஐயா

விடிந்ததும் தம்பிஐயா முதலில் கதைப்பது தன் முழங்கால்களோடுதான். "இடத்தான், எழும்படா! வலத்தான் எப்பவோ எழும்பிட்டான்" என்று வண்டில் மாட்டை அதட்டுவதுபோல் அதட்டி, இரண்டையும் தட்டி நிமிர்த்திக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்புவார். வயது எண்பத்து மூன்று. கேட்டால் எழுபது என்பார். மிச்சம் பதின்மூன்றையும் அவர் பெண்சாதியே ஏசித் தீர்த்துவிட்டாளாம்.

கோப்பாயில் இவரளவு மெலிந்தவர் இல்லை. போன ஆடிக் காற்று இவரைத் தூக்கிப் புகையிலைக் கன்றுகளுக்கு மேலாகக் கொண்டுபோய் அடுத்த வளவில் இறக்கியதை நானே கண்டேன். போகிற வழியில் குனிந்து இரண்டு களையும் பிடுங்கினார்.

அவள் போனபிறகு தனிக்கட்டை. சமையலும் அவரே. பழஞ்சோற்றோடு பச்சை மிளகாயைக் கடித்து, கண்ணால் நீர் ஓட ஓடச் சிரிப்பார். சனிக்கிழமை முழுக்குக்கு மட்டும் அடுத்த வளவு மார்க்கண்டுவிடம் வேலியால் முதுகை நீட்டுவார்: "தம்பி, சுவருக்குச் சாந்து பூசுறதெண்டு நினைச்சு எண்ணெயைப் பூசு."

இந்தத் தை மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். செய்தி அரியாலைக்குப் போனது. மகள் குணலட்சுமியும் மருமகன் தில்லைநாதனும், இனித் தங்களோடுதான் இருக்கவேண்டுமென்று கூடார வண்டிலோடு வந்து இறங்கினார்கள். பெட்டி வண்டிலில் ஏறியது. தலையணை ஏறியது. தம்பிஐயாவும் ஏறினார், துலாவில்! தோட்டத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும்போது மேலே நின்று மிதிப்பார்களே, அந்த நீண்ட மரத்தில்.

"அப்பு, இறங்குங்கோ! விழுந்தால் ஆர் பார்க்கிறது?" என்று குணலட்சுமி அண்ணாந்து தகப்பனைக் கூப்பிட்டாள்.

"விழுந்தால் என்ரை கிணத்துக்கைதானே விழுவன்."

"அங்கை கட்டில் கிடக்கு. பக்கத்திலை டொக்குத்தர். கறிக்கும் உறைப்புப் போடமாட்டம்."

"கேட்டீரே மருமோன், உறைப்பில்லையாம்! ஆளை உயிரோடை கொல்லப் பார்க்கிறாள்."

தில்லைநாதன் கந்தோரில் கணக்கெழுதுகிறவர், துலா அறியாதவர். மாமனாரை இறக்கும் எண்ணத்தில் கிணற்றுப் பக்கம் தொங்கிய கயிற்றைப் பிடித்து இழுத்தார். மேலே தம்பிஐயா பின்னுக்கு, துலாவின் கனத்த அடிப்பக்கமாக, இரண்டே இரண்டு அடி வைத்தார். கயிறு விர்ரென்று எழும்பியது. கஞ்சி போட்ட வேட்டியோடு மருமகன் அந்தரத்தில் தொங்கினார்.

"உதிலையே நில்லும் தம்பி, காத்து நல்லாய் வரும்!"

வண்டில்காரன் சிரித்துச் சிரித்து மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். குணலட்சுமிக்கும் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். தம்பிஐயா மெல்ல முன்னுக்கு வந்து மருமகனை நிலத்தில் இறக்கிவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, கேள். கஞ்சி வடிக்கக் கை நடுங்குது. ஓம், அதுக்கு ஆள் வேணும். கண்ணும் மங்குது, வீட்டிலையிருந்து கிணத்தடிவரை ஒரு கயிறு கட்டிவிடுங்கோ. படுத்திட்டனெண்டால் ஆள்மாறி ஆள் வந்து பாருங்கோ. வேண்டாமெண்டு சொல்லமாட்டன். ஆனால், இஞ்சை."

அந்தக் கடைசிச் சொல்லோடு தன் கிணற்றையும் வளவையும் கையால் சுட்டினார்.

குணலட்சுமி வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். "பெட்டியை இறக்குங்கோ" என்று கணவனிடம் சொன்னாள். பிறகு பட்டுச்சேலையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகி, ஒரு தேங்காய்ப் பொச்சுமட்டையைப் பொறுக்கிக்கொண்டு, அப்பு வழுக்கிய கல்லின் பாசியைத் தேய்க்கக் குந்தினாள்.