திராட்சை ஊறும்வரை

டாக்டர் சொன்னார் என்று என் மகள் உலர்ந்த திராட்சையை ஊறப்போட்டு வைக்கிறாள். காலையில் மூடியைத் திறந்தால் எனக்கு எங்கள் வேதக்கோயில் வாசனை அடிக்கிறது. சிரிக்காதீர்கள். மற்றவர்களுக்குக் கோயில் என்றால் மெழுகுவர்த்தி, எனக்கு ஊறின திராட்சை.

அறுபதுகளின் கடைசியில் நரிக்குடிப் பக்கம் ஒரு கிராமத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தேன். சமைக்கத் தெரியாது (இப்போதும் பெரிதாகத் தெரியாது). ஊர்ச் சபையைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் வீட்டில்தான் சாப்பாடு. அவர் மனைவி ரூத் அக்கா. மாதம் ஒரு ஞாயிறு அருப்புக்கோட்டையிலிருந்து போதகர் பஸ்ஸில் வந்து, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் தரும் திருவிருந்து கொடுப்பார். அதற்கான திராட்சை ரசம் அக்கா கைவேலை. உலர்ந்த திராட்சையை வெந்நீரில் ஊறப்போட்டு, பிசைந்து, வெள்ளைத் துணியில் வடிகட்டுவார்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஊருணியில் கால் நனையத் தண்ணீர் இல்லை. ஊர் கூடிக் கொடும்பாவி கட்டியது. வைக்கோலில் ஓர் உருவம் செய்து, பிணம்போலத் தெருத்தெருவாக இழுத்துப்போய், பெண்கள் ஒப்பாரி வைத்தால் வானம் இரங்கும் என்று நம்பிக்கை. அக்கா ஒப்பாரி எடுத்தால் செத்தவருடைய பகையாளியும் அழுதுவிடுவான். ஊர்ப் பெரியவர் வந்து கூப்பிட்டார். அக்கா போய், மாரிலடித்துக்கொண்டு அழுதுவிட்டும் வந்துவிட்டார்.

அன்றிலிருந்து உபதேசியார் அவரோடு பேசவில்லை. வேற்றுச் சடங்கில் அழுததற்காகப் போதகர் அக்காவைச் சபையை விட்டு விலக்கிவிட்டால் உபதேசியார் வேலை போகும், மிஷன் கொடுத்த வீடும் போகும். நானும் ராத்திரியெல்லாம் ஜெபம் பண்ணினேன். சோற்றுக்காக மட்டுமல்ல, அக்காவை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஞாயிறு வந்தது. போதகர் பாத்திரத்தின் மேல் துணியை எடுத்தார். உள்ளே ஒன்றுமில்லை.

"என்ன உபதேசியாரே, ரசம் எங்க?"

பெண்கள் பக்கமிருந்து அக்கா எழுந்தார்.

"நாந்தான் பிழியல ஐயா. கொடும்பாவிக்கு மாரடிச்ச கை. இத வச்சு எப்பிடிப் பிழிவேன்?"

"எந்தச் சாமிய நெனச்சு அழுதீக தாயி?"

"பொய் சொல்ல மாட்டேன் ஐயா. யாரும் நெனப்புல இல்ல. தண்ணிதான் இருந்துச்சு."

போதகர் அங்கிக் கையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"வார வழியில டிரைவரு முனியாண்டி சாமி கோயில்ல பஸ்ஸ நிப்பாட்டிச் சூடம் கொளுத்துனாரு. பிரேக்கு சரியில்லன்னு பேசிக்கிட்டாக. நானும் கையக் கூப்பிப்புட்டேன் தாயி."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

"ஒங்களையும் என்னையும் வச்சுத்தான் ஆண்டவரு சபை நடத்த வேண்டியிருக்கு. போயி ஊறப்போடுங்க."

"ஊற நேரமாகும் ஐயா. பஸ்ஸு போயிரும்."

"போகட்டும். அவரு நமக்காக எம்புட்டுக் காலமாக் காத்துக்கிட்டிருக்காரு. நாம ஒரு பொழுது உக்காந்திருந்தா என்ன?"

காத்திருந்தோம். கூரைத் தகடு காய்ந்தது. குழந்தைகள் தூங்கிப்போயின. தெரிந்த பாட்டையெல்லாம் பாடித் தீர்த்துவிட்டோம். அக்கா வீட்டுப் பானை காலி என்று கேள்விப்பட்டு, அழக் கூப்பிட்ட அதே பெரியவர் வீட்டிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் வந்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயிற்று. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ரசம் வந்ததும் போதகர் முதல் வாயை அக்காவுக்குத்தான் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் உபதேசியார், "ரூத்து, சோத்தப் போடு, பசிக்கி" என்றார். அப்பாடா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. மழை அந்த மாதம் வரவில்லை, அது வேறு விஷயம்.

போதகர், உபதேசியார், அக்கா யாரும் இப்போது இல்லை. கொடும்பாவியும் யாரும் கட்டுவதில்லை. இப்போது நான் போகும் டவுன் கோயிலில் மின்விசிறி, ரசத்துக்கு ஆளுக்கொரு குட்டிக் கிண்ணம். போன மாதம் நான் பிந்திப் போனபோது திருவிருந்து மேசையைத் துணி போட்டு மூடிவிட்டார்கள். "அடுத்த தடவ வாங்கம்மா" என்றான் ஒரு பையன், மரியாதையாகத்தான். அடுத்த ஆராதனைக்கு வாசலில் கூட்டம் நின்றது, அவன் என்ன செய்வான்? ஒருத்திக்காக ஊர்ச் சபையே பசியோடு உட்கார்ந்திருந்த காலம் போய்விட்டது. காத்திருப்பதை விட்டது நாங்கள்தான், ஆண்டவர் விட்டிருக்கமாட்டார் என்ற தைரியத்தில் படியிறங்கி வந்தேன்.