சகலனின் காரில் என் மனைவி

போன வருடப் பங்குனியில் என் மனைவி என் சகலனின் காரில் ஏறி மட்டுவில் அம்மன் கோயிலுக்குப் போனாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சகலன் என்பவர் அவளுடைய தங்கையைக் கட்டியவர். கோப்பாயில் வீடு. அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம் பார்த்து ஓய்வூதியம் எடுக்கிறவர். ஒரு டாக்குத்தர் பத்து வருடம் ஓட்டிய வெள்ளைக் காரை வாங்கிக்கொண்டு வந்து, பங்குனித் திங்கட்கிழமை விடிய எங்கள் கேற்றடியில் நிறுத்தினார். பொங்கல் பானை, அரிசி, கத்தரிக்காய் எல்லாம் டிக்கியில் ஏறின. என் மனைவியும் ஏறினாள். கதவை அவரே திறந்துவிட்டார்.

"அண்ணை, உங்களுக்கும் இடம் கிடக்கு. ஆனால் லொறியிலை உயரத்திலை இருந்து பழகின ஆளுக்கு இது கொஞ்சம் பதிவாத்தான் இருக்கும்," என்றார்.

"எனக்கு வேலை கிடக்கு. நீங்கள் போங்கோ."

முன்னால் இருந்த மைத்துனி கண்ணாடியை இறக்கினாள். "அத்தானுக்கு வேலை முடியிறதெண்டால் வாழையெல்லாம் குலை தள்ளுறதை நிப்பாட்டவேணும்," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினாள். உள்ளே மூன்று பேரும் சிரித்தது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. ஏசி போட்ட கார் அப்படித்தான்.

நான் யார் என்று இந்த இடத்தில் சொல்லவேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நீர்வேலித் தோட்டங்களில் குலை வெட்டி, சைக்கிள் கரியரில் குறுக்கே பலகை கட்டி, கொடிகாமம் சந்தைக்கு மிதித்தவன். போரில் பாதை பூட்டியிருந்த காலத்திலும் பழம் விற்றவன். இன்று என்னுடைய லொறிகள் தம்புள்ளை வரைக்கும் போய் வருகின்றன. ஒரு இதரை வாழைக் குலையைத் தூக்காமலே அதன் நிறையைச் சொல்லுவேன். தராசு என்னிடம் தோற்ற நாட்கள் உண்டு. படித்தவர்கள் என்னிடம் கைமாற்றுக்கு வந்திருக்கிறார்கள். நான் ஒருவரிடமும் போனதில்லை.

அப்படிப்பட்டவனின் மனைவி, கோயிலுக்குப் போக இன்னொருவர் காரைப் பார்த்துக்கொண்டு படலையடியில் நிற்பதா? முழங்கால் வருத்தம் வந்தபிறகு அவளால் என் மோட்டார் சைக்கிளில் ஏற முடியாது. லொறிப் படியில் கால் வைக்கவே முடியாது. அதனால் வெள்ளிக்கிழமைக்கு அவர் கார், கலியாணவீட்டுக்கு அவர் கார், செத்தவீட்டுக்கும் அவர் கார். திரும்பி வந்து, "நல்ல குளிர். நித்திரையே வந்திட்டுது," என்பாள். என்னோடு வாழ்ந்த இத்தனை வருடத்தில் பகலில் அவள் நித்திரை கொண்டு நான் கண்டதில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ ஊரும்.

தை பிறந்ததும் தீர்மானித்தேன். அடுத்த பங்குனித் திங்களுக்கு அவள் என் காரில் போகவேண்டும். அந்த வெள்ளைக் காரில் அவள் கால் படக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதலில் புதுக் கார் பார்க்கத்தான் போனேன். யாழ்ப்பாணத்தில் கண்ணாடி அடைத்த பெரிய கடை. பொங்கல் பானையையும் கையோடு கொண்டுபோனேன். கழுத்துப்பட்டி கட்டிய விற்பனையாளர் பானையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, இதென்ன?"

"பானை. டிக்கியைத் திறவுங்கோ."

பானை டிக்கிக்குள் வடிவாக இருந்தது. மூடியும் பூட்டியது. எனக்குப் பிடித்துவிட்டது. எப்போது கிடைக்கும் என்றேன். முன்பணம் கட்டினால் கப்பலில் வரும், வைகாசி ஆகலாம் என்றார்.

"அம்மன் பங்குனியிலை எல்லே பொங்கக் கேக்கிறா," என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விலையைக் கேட்டபோது எனக்கும் ஒரு யோசனை வந்தது. அந்த விலைக்கு நீர்வேலியில் செம்மண் காணி வாங்கலாம். காணி காய்க்கும், கார் காய்க்காது. பானையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு பழைய கார்கள். சுன்னாகத்தில் பார்த்த ஹைபிரிட் வண்டி ஒன்றில் பற்றரி டிக்கிக்குள் பாதி இடத்தைப் பிடித்திருந்தது. பானையை வைத்தால் மூடி அரைவாசியில் நின்றது. மானிப்பாயில் இன்னொன்று. மீற்றரில் கொஞ்சத் தூரம்தான் காட்டியது. ஆனால் சாரதி இருக்கை குழி விழுந்திருந்தது.

"இதிலை இருந்தவர் நல்ல பாரமான ஆளோ?" என்று தரகரைக் கேட்டேன்.

"ஏன் ஐயா?"

"கொஞ்சத் தூரம் ஓடினதுக்கே சீற் உப்பிடி இருந்திட்டுது."

அவர் பேச்சை மாற்றினார். மருந்து அடித்துப் பழுக்கவைத்த பழத்தைத் தோலில் கண்டுபிடிக்கிறவனுக்கு இது ஒரு வேலையா? என்னை ஏமாற்ற இன்னும் ஒருவன் பிறக்கவில்லை என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, தங்கச்சியின்ரை அவரை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோவன். அவருக்கு உதுகள் தெரியும்."

"எனக்குத் தெரியாதோ?"

"உங்களுக்கு வாழை தெரியும்."

அதற்குப் பிறகு நான் அவரைக் கேட்பேனா?

மாசி கடைசியில் உரும்பிராயில் ஒரு கார் இருப்பதாகச் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் இப்படிக் கார்கள் ஊருக்கு ஊர் உண்டு. கனடாவில் இருக்கிறவர்கள், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தால் ஓடுவதற்கென்று ஒன்றை வாங்கி, வீட்டு முகப்பில் உறை போட்டு மூடிவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு பிள்ளைகள் வர மறுப்பார்கள். காரும் வீடும் ஆளுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உறவுக்காரர் உறையை இழுத்தார். கடும் நீலம். வெள்ளைக் காரைவிட ஒரு முழம் நீளம். இருக்கைகளின் பொலித்தீன்கூடக் கழற்றவில்லை. குனிந்து ரயரைத் தடவினேன். புது ரயரில் மயிர்போல நிற்கும் ரப்பர் முள்ளுகள் தேயாமல் அப்படியே நின்றன. பானை டிக்கிக்குள் போனபிறகு இரண்டு குலைக்கும் இடம் இருந்தது. புதுக் காரின் பளபளப்பு, பழைய காரின் விலை. இரண்டிலும் நல்லதை மட்டும் எடுத்துச் செய்த வண்டி என்று நினைத்தேன்.

"மெக்கானிக் ஒருத்தரைக் கொண்டுவந்து காட்டுங்கோ அண்ணை," என்றார் அவர். "நிண்ட வண்டி."

"நிண்டதுக்காகத்தானே வாங்கிறன்."

பற்றரி மட்டும் புதிதாகப் போட்டு, முதல் வேலையாகக் கோப்பாய்க்கு ஓடினேன். சகலன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றினார். முன் சில்லடியில் நின்றார்.

"நல்ல வடிவு அண்ணை. ரயர் எந்த வருசத்து?"

"புதுசு. முள்ளு நிக்குது, கண் தெரியேல்லையோ?"

அவர் சிரித்தார். அது பொறாமைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். பொறாமை எப்படியிருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? திரும்பி வரும்போது எனக்குப் பாட்டு வந்தது.

பங்குனித் திங்கள் வந்தது. நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்து, தேங்காய் உடைத்துப் புறப்பட்டோம். என் மனைவி எனக்குப் பக்கத்தில், முன் இருக்கையில். அவள் அசையும்போதெல்லாம் பொலித்தீன் சரக் சரக் என்றது.

"இதைக் கழட்டினால் என்ன?" என்றாள். "சீலை ஒட்டுது."

"கழட்டினால் பழசாப் போயிடும்."

"குளிரைக் கொஞ்சம் கூட்டுங்கோவன்."

கூட்டினேன். அவருடைய காரைவிட என் கார் கூடக் குளிரும் என்று சொன்னேன். ஓம் என்றாள். நித்திரை வருகிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். கோப்பாயில் சகலன் வீட்டுக்கு முன்னால் ஊர் கேட்க நீளமாகக் கோண் அடித்துக்கொண்டு போனேன். அவள் அந்தக் கேற் மறையும்வரைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. கால் தானாக அழுத்தியது.

கோப்பாயிலிருந்து கைதடிக்குப் போகும் வீதி கடல்நீரேரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் றோட்டு, ஒதுங்க ஒரு மரமில்லை. அங்கேதான் முன் ரயர் வெடித்தது. லொறி ஓடிப் பழகிய கை என்றபடியால் வண்டியைத் தண்ணீருக்குள் விடாமல் நிறுத்தினேன். வேறு ஆளென்றால் கதை வேறு.

இறங்கிப் பார்த்தேன். ரப்பர் தோல் தோலாக உரிந்து கிடந்தது. மற்ற மூன்றிலும் காய்ந்த குளத்துத் தரைபோல வெடிப்புகள். முள்ளு மட்டும் அழகாக நின்றது. மாற்று ரயரை எடுத்தேன். அதுவும் அதே வயது, அதில் காற்றே இல்லை. லொறிக்காரருக்குப் போன் எடுத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் அந்த வெள்ளைக் கார் வந்து நின்றது.

ஓட்டிக்கொண்டு வந்தது மைத்துனி. சகலன் பக்கத்து இருக்கையில் இருந்தார். அவள் எப்போது ஓட்டப் பழகினாள் என்று எனக்குத் தெரியாது. என் மனைவி ஆச்சரியப்படாததைப் பார்த்தால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சகலன் குந்தியிருந்து ரயரைப் பார்த்தார். "ஓடாட்டிலும் ரப்பருக்கு வயசு போகும் அண்ணை."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"கேட்டனான். கண் தெரியேல்லையோ எண்டியள்."

மைத்துனி இயந்திரத்தை நிறுத்தவேயில்லை. "பொங்கிற நேரம் போகுது. அக்கா, நீ வந்து முன்னுக்கு ஏறு. இஞ்சாருங்கோ, இறங்கினனியள்தானே, அத்தானோடை நில்லுங்கோ," என்றாள்.

என் மனைவி தன் சீலையைப் பொலித்தீனிலிருந்து பிரித்து எடுத்து இறங்கினாள். அவர்களுடைய டிக்கி நிறைந்திருந்ததால் எங்கள் பானையைப் பின் இருக்கையில் வைத்தாள். "தண்ணிப் போத்தல் உள்ளுக்குக் கிடக்கு. வெயிலுக்குள்ளை நிக்காதேங்கோ," என்று சொல்லிவிட்டு, ஏறிக் கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள். எது நடக்கக்கூடாது என்று ஒரு காரையே வாங்கினேனோ, அது நடுத்தண்ணீரில், என் கண்ணுக்கு முன்னால் நடந்தது.

கார் தூரத்தில் புள்ளியாகும் வரைக்கும் இரண்டு ஆண்களும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு என் காருக்குள் வந்து ஏசியைப் போட்டுக்கொண்டு இருந்தோம்.

"இதுதான் நல்லாக் குளிருது," என்றார் சகலன்.

"தெரியும்."

"அண்ணை, கார் வாங்கினது நானில்லை, அவதான். அக்காவிட்டைப் போறதுக்கு. வீட்டிலை என்னோடை கதைக்கிறதெண்டால் கறிக்கு உப்புக் காணுமோ எண்டு கேக்கிறது மட்டும்தான். அக்காவைக் கண்டால் வாய் மூடாது. நான் ஏதும் கேட்டால் ரண்டு பேரும் சிரிக்கிறது. இப்ப ஓட்டவும் பழகியிட்டா. இனி எனக்கு அதிலை என்ன வேலை?"

இத்தனை நாளும் நான் பார்த்துப் புழுங்கிய ஆள், அந்தக் காரின் சொந்தக்காரர் என்று நான் நினைத்தவர், என்னைவிட மோசமான நிலையில் இருக்கிறார் என்று கேட்க எனக்கு முதலில் சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சந்தோசம் நிற்கவில்லை. உள்ளே ஊர்ந்தது வேறு பக்கம் திரும்பியது. என் மனைவி என்னோடு என்ன கதைக்கிறாள் என்று யோசித்துப் பார்த்தேன். மின்சாரக் கட்டணம், மருந்து, மழை. அதற்கு மேல் நினைவுக்கு வரவில்லை.

லொறிக்காரர் ரயர் கொண்டுவந்து பூட்ட, மட்டுவிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பொங்கல் இறக்கியாகிவிட்டது. கோயில் வெளியில் ஒரு மர நிழலில் அக்காவும் தங்கையும் ஒரே வாழையிலையில் கத்தரிக்காய்க் கறியும் சோறும் தின்றுகொண்டிருந்தார்கள். என் மனைவி கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்ல, தங்கைக்குச் சிரிப்பில் புரையேறியது. அப்படிக் கையை ஆட்டிக் கதைக்கிறவள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் கிட்டப் போனதும் கதை நின்றது.

"ரயர் போட்டாச்சோ?" என்றாள்.

"போட்டாச்சு. என்ன கதை நடக்குது?"

"சும்மா."

அடுத்த திங்கட்கிழமைக்கு முதல் நாலு சில்லுக்கும் புது ரயர் போட்டேன். பொலித்தீனைக் கழற்றி எறிந்தேன். காரை நானே கழுவி, முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேற்றடியில் நின்றேன். வெள்ளைக் கார் வந்தது. என் மனைவி இரண்டு காரையும் பார்த்தாள். ஒரு கணம் யோசித்தாள் என்றுதான் நான் நம்புகிறேன்.

"நீங்கள் ரண்டு பேரும் எங்களுக்குப் பின்னாலை வாங்கோவன். பானை சட்டியெல்லாம் உங்கடையிலை வைப்பம். உங்கடை டிக்கிதானே பெரிசு," என்றாள்.

சகலன் வந்து என் பக்கத்தில் இருந்தார். நீர்வேலியிலிருந்து அவர்களுக்குப் பின்னாலேயே போனோம். வெள்ளைக் காரின் பின் கண்ணாடியில் இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று மற்றதின் பக்கம் சாயும், நிமிரும், திரும்பவும் சாயும்.

"என்னத்தைக் கதைக்கினம்?" என்றேன்.

"கேட்டுப் பாத்தனான் அண்ணை. சொல்லமாட்டினம்."

தண்ணீருக்கு நடுவே றோட்டு நேராக வந்ததும் ஒருமுறை அழுத்தி முந்தினேன். என் காருக்கு அது பெரிய வேலையில்லை. பக்கத்தால் போகும்போது கோண் அடித்தேன். என் மனைவி தங்கையின் முகத்தைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. கொஞ்சத் தூரம் முன்னால் போய், ஓரமாக எடுத்து, அவர்களை முன்னால் போகவிட்டுப் பின்னால் வந்தேன்.

"ஏன் அண்ணை?" என்றார் சகலன்.

"அவையளைப் பாத்துக்கொண்டு போவம்," என்றேன்.