களவு போன கூட்டெரு

இன்று காலை கட்டைபறிச்சான் கிராமத்துக்கு, என் விவசாய வகுப்பில் கட்டிய கூட்டெருக் குவியலைப் புரட்டிக் காட்டப் போயிருந்தேன். படலையிலேயே பரமேஸ்வரி அக்கா மறித்தார்.

"மிஸ், என்ர பசளையைக் களவெடுத்துப் போட்டாங்கள்!"

மூன்று கிழமைக்கு முன் எல்லோரும் சேர்ந்து நெஞ்சளவுக்குக் கட்டிய குவியல், இன்று இடுப்பளவில் நின்றது. சந்தேகம் பக்கத்து வளவுத் தவராசா அண்ணன் மேல். நாலு நாளாக அவரோடு கதை இல்லையாம்.

இதே அக்காதான் முதல் வகுப்பில், "அரசாங்கம் உரத்தைத் தடைசெய்த வருசம் பட்டது காணும், குப்பைக் கதையோட வராதேங்கோ" என்று என்னைத் துரத்தாத குறையாகப் பேசியவர்.

பிழை என்னுடையது. வைக்கோலும் சாணமும் உக்க உக்கக் குவியல் இறங்கும். இரண்டு மணித்தியாலம் வகுப்பெடுத்தும் அதைச் சொல்ல மறந்திருக்கிறேன்.

மண்வெட்டியால் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்தேன். ஆவி பறந்தது. அக்கா கறுத்துப்போன வைக்கோலில் ஒரு பிடி அள்ளிக் கசக்கினார். கையிலேயே உதிர்ந்தது.

"அப்ப ஒருத்தரும் எடுக்கேல்லையோ?"

"இல்லை அக்கா, தானாத்தான் இறங்கினது."

வேலிக்கு மேலால் தவராசா அண்ணன் தலையை நீட்டினார். "களவெடுக்கிற அளவுக்குப் பெறுமதியான சாமானெண்டு இவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கட வளவிலயும் ஒண்டு கட்டக் காட்டித் தாங்கோ மிஸ்."

அக்கா குசினிக்குள் போய்த் தேத்தண்ணியோடு வந்தார். முதல் கோப்பை வேலிக்கு மேலால் போனது.

புதன்கிழமை சாம்பல்தீவில் வகுப்பு. குவியல் இறங்கும் என்று முதலே சொல்லவா, இல்லை திரும்பவும் மறந்துபோகவா? நீங்களே சொல்லுங்கோ.