பத்தில் ஒரு ஆம்பியர்

என் கணவருக்கு வயர்மேன் வேலை. ஆனால் காஜா பெராங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த பலகை வீட்டில் மின்சாரம் கிடையாது. அதைச் சொல்லி அவரே சிரிப்பார். கித்தா எனப்படும் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கிருந்த தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்துவிட்டு, தாயாரை அழைத்துக்கொண்டு மலாக்கா டவுனுக்கு வந்தவர். கைவேலை அவ்வளவு சுத்தம். சொந்தமாக வேலை எடுத்துச் செய்ய லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்குப் பரீட்சை, பரீட்சை இங்கிலீஷில். அங்கேதான் இரண்டு வருடமாக நின்றுகொண்டிருந்தார்.

நான் ஆங்கிலப் பள்ளியில் ஏழாவது வரை போனவள். கல்யாணமான மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிய பிறகு, ஒரு பழைய புத்தகத்தை என் முன்னால் தள்ளினார்.

"இத கொஞ்சம் படிச்சுச் சொல்றியா? வெளிய கேக்க வெக்கமா இருக்கு."

அன்றிலிருந்து ஞாயிறு காலைகள் அந்தப் புத்தகத்துக்கென்று ஆகிவிட்டன. எனக்கு வார்த்தை தெரியும், பொருள் தெரியாது. அவருக்கு நேர்மாறு. 'ஓர் அயர்ன்பெட்டி இருநூற்று முப்பது வோல்ட்டில் இரண்டு ஆம்பியர் இழுக்கிறது, அதன் தடை என்ன?' என்று நான் படித்தேன். படித்த வேகத்தில் பெருக்கி, நானூற்று அறுபது ஓம் என்றேன்.

"ஐயோ, அது பவர். நானூத்தி அறுவது வாட். தடை வேணும்னா வோல்ட்ட ஆம்பியரால வகுக்கணும், நூத்திப் பதினஞ்சு ஓம். மாத்திப் போட்டா என்னய வீட்டுக்கு அனுப்பிருவாங்க!"

தடை குறைந்தால் ஓட்டம் கூடும் என்பதைக் குழாய்த் தண்ணீரில் விரலை வைத்தும் எடுத்தும் காட்டினார். நான் ஈரக்கையோடு சிரித்துக்கொண்டிருந்தேன். மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் பைத்தியமா?" என்றார்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிற வருடம் அது. கடைக்காரர்கள், வசதியுள்ள வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் வண்ண விளக்கு வேண்டியிருந்தது. அவருக்கு ஓயாத வேலை. ஒருநாள் உஜோங் பாசிரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தார். மத்தியானம் பெய்த மழை விட்டதும், ஃபியூஸைக் கழற்றி வைத்துவிட்டு, ஈரத் தகரக் கூரையில் ஏறிக் கம்பியைப் பிடித்திருக்கிறார். வேலை முடிந்துவிட்டதென்று நினைத்து அந்த வீட்டில் யாரோ ஃபியூஸைத் திரும்ப மாட்டிவிட்டார்கள்.

நான்கு மணிக்கு அவருடைய கூட்டாளி சைக்கிளில் வந்தார். சைக்கிளைச் சாத்தக்கூட இல்லை, அப்படியே கீழே விட்டார். "தங்கச்சி..." என்றார். காயப்போட்ட துணி என் கையில் இருந்தது. அதில் பாதி அவருடைய சட்டைகள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பரீட்சைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. வழக்கம்போல நான்தான் பிரித்துப் படித்தேன். அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

பிறகு கோர்ட்டில் விசாரணை நடந்தது. மாமியாருக்குக் காய்ச்சல், நான் மட்டும் அந்தக் கூட்டாளியோடு போனேன். ஒரு மின்பொறியாளர் ஆங்கிலத்தில் சாட்சி சொன்னார். இருநூற்று முப்பது வோல்ட். நனைந்த உடம்பின் தடை ஏறக்குறைய இரண்டாயிரத்து முந்நூறு ஓம். அவர் விடையைச் சொல்வதற்குள் என் மனம் வகுத்துவிட்டது. பத்தில் ஒரு ஆம்பியர். ஓர் அறுபது வாட் பல்பு இழுப்பதில் பாதிகூட இல்லை.

மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பி, "ரொம்ப அதிகமா கரண்டு பாஞ்சிருச்சாம்மா, அதான்" என்றார்.

ஏதாவது கேட்க வேண்டுமா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். நான் எழுந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நேராக அந்தப் பொறியாளரிடமே கேட்டேன்: அவ்வளவு குறைந்த ஓட்டத்தில் உயிர் போக எவ்வளவு நேரம் ஆகும்?

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்படிப் பிடித்த கையால் விட முடியாது, ஃபியூஸை மறுபடி கழற்றும்வரை ஓட்டம் இருந்திருக்கும், உடனே முடிந்தது என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். குரலைத் தாழ்த்தி, மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார். தற்செயலான விபத்து என்று தீர்ப்பு எழுதினார்கள்.

காஜா பெராங் வரை நடந்தே வந்தேன். மாமியார் போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னாம்மா சொன்னாங்க? எம்புள்ள துடிச்சானாமா?"

கணக்கு எனக்குத் தெரியும். கணக்கு தெரியாமல் இருந்திருக்கலாம் என்று அப்போதுதான் முதல்முறையாக நினைத்தேன்.

"இல்ல அத்தே. கரண்டு ரொம்ப அதிகமாம். ஒரே நொடியாம். அவருக்கே தெரிஞ்சிருக்காதாம்."

"கோர்ட்டுலயே சொன்னாங்களா?"

"இங்கிலீஷ்ல சொன்னாங்க அத்தே. நான் கேட்டேன்."

மாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், காய்ச்சலோடு சோறு வடித்து எனக்கும் தனக்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். என் கணவர் போன பிறகு மாமியார் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான். பல வருடம் கழித்து அவர் கண்மூடும் வரை, அழ வந்தவர்களிடமெல்லாம் அந்த ஒரு நொடியைச் சொல்லி அவரே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தால், "ஆமாம்" என்பேன்.