நான்கு நிமிடமும் கொக்குக் காலும்

அந்த விளையாட்டில் நான் ஒரு தடவைகூடப் பொத்தானை அழுத்தியதில்லை. பார்த்தவன் மட்டும்தான். ஆனாலும் அதில் வரும் இரும்பு ஆளின் தோள், கை, கால், முதுகுத் தொட்டி எல்லாம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் ஃபிட்டர். அந்த வருஷம் முழுக்க எனக்கு இரண்டாம் ஷிஃப்ட். எங்கள் ஊர் பஸ் பன்னிரண்டரைக்கே புதுவாயல் கூட்டுரோட்டில் இறக்கிவிட்டுவிடும். கம்பெனி வண்டி ஒன்றேகாலுக்குத்தான் வரும். இடையில் வெயிலுக்கு ஒதுங்க ஒரு ஜெராக்ஸ் கடைதான் நிழல். மதியம் கடைக்காரர் சாப்பிட வீட்டுக்குப் போவார். அந்த ஒரு மணி நேரம் அவருடைய மனைவி கடையில் இருப்பார். எல்லோரும் அவரைப் பாயம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பழவேற்காட்டுக்காரர், என் வயதுதான் இருக்கும். கூடவே மாமியாரும் வந்து மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டுக்கொள்வார்.

கடை மூலையில் ஒரு டிவியும் ஒரு விளையாட்டுப் பெட்டியும் இருந்தன. துபாயில் வேலை பார்த்த பாயம்மாவின் தம்பி வாங்கி வந்து, அக்கா கடையில் விட்டுவிட்டுப் போனது. வருகிறவர்கள் பைக் பந்தயம் ஆடுவார்கள். இரும்பு ஆள் சண்டை போடும் சிடியை யாரும் தொடுவதில்லை. ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் ஆளை உறுப்பு உறுப்பாக நாமே பூட்ட வேண்டும், அதற்கு யாருக்கும் பொறுமை கிடையாது. பாயம்மா ஆட்கள் இல்லாத மதிய நேரத்தில் அதைத்தான் போடுவார்.

நான் முதலில் வெளியே நின்றே பார்த்தேன். பெண்களிடம் பேசுவது இருக்கட்டும், டீக்கடையில் இன்னொரு டீ கேட்கக்கூட எனக்குக் கூச்சம். பத்துப் பதினைந்து நாள் கழித்து, மாமியார்தான் ஒரு ஸ்டூலை வாசலில் தள்ளினார். “உள்ள பாத்துக்கினே வெயில்ல நிக்கிறியேப்பா, குந்து” என்றார்.

அதில் கடைசி வேலை ஒன்று இருந்தது. துறைமுகத்தில் ஐந்து கோபுரங்களை உடைத்துவிட்டு, நீளப் பாலத்தைக் கடந்து, கப்பல் கிளம்புவதற்குள் போய்ச் சேர வேண்டும். நான்கு நிமிடம்தான். மூலையில் எண் குறைந்துகொண்டே வரும். தம்பி அதுவரைக்கும் முடித்துவிட்டு அந்த வேலையில் தோற்றுத் தோற்று விட்டுவிட்டானாம். பாயம்மாவும் அதே இடத்துக்கு வந்துவிட்டதைப் போனில் சொன்னபோது அவன் சிரித்திருக்கிறான். அவன் சொன்னதை அவன் குரலிலேயே எங்களுக்குச் சொல்லிக் காட்டினார்: “அக்கா, என்னாலயே ஆவல. உன்னால இன்னா ஆவும்?”

ஆறு வாரத்தில் அவன் ஊருக்கு வருகிறான், பெட்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போகிறான் என்று செய்தி வந்தது. கொடுப்பதில் பாயம்மாவுக்கு வருத்தமில்லை. முடித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் பார்த்த வேலைக்காரர்களில் அவரைப் போலத் தயாரானவர் யாருமில்லை. அவரும் என்னைப் போல ஐந்தாவதோடு நின்றவர். திரையில் வரும் இங்கிலீஷ் எங்கள் இருவருக்கும் தெரியாது. ஆனால் எண் தெரியும். ஒரு கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு உறுப்பையும் படம் வரைந்து, பக்கத்தில் அதன் எடை, அது ஏற்றும் சூடு, அதில் எத்தனை குண்டு என்று எழுதி வைத்திருந்தார். ஒரு தடவைக்கு ஒரு உறுப்பைத்தான் மாற்றுவார். “ரெண்ட மாத்துனா எதால கெட்டதுன்னு எப்டித் தெரியும்?” என்பார். எங்கள் மில்லில் இன்ஜினியர்களே இதைச் சமயத்தில் மறந்துவிடுவார்கள்.

கனமான ஆள்தான் ஜெயிப்பான் என்று நான் நினைத்திருந்தேன். இரும்போடு பழகியவனுக்கு அப்படித்தான் தோன்றும். ஒரு நாள் தைரியமாக வாயைத் திறந்து, இரண்டு தோளிலும் பெரிய பீரங்கி வைக்கலாமே என்றேன். அவர் மறுக்கவில்லை. வைத்து ஆடிக் காட்டினார். இரண்டாவது கோபுரத்திலேயே ஆள் சூடேறி நின்றுவிட்டான்.

“இந்த பொம்மையும் உன் புருசன் மாதிரியே, நாலு எட்டு வெச்சா குந்திக்குது” என்றார் மாமியார்.

பாயம்மா சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினார். பிறகு அவரே எண்ணிப் பார்த்தார். கோபுரத்துக்கு மூன்று குண்டு, ஐந்துக்கும் பதினைந்து. குறி தப்பினால் இருக்கட்டும் என்று இரண்டு. பதினேழுக்கு மேல் தூக்கிப்போவது வீண். இடது தோளைக் காலியாகவே விட்டார். காலுக்கு, முழங்கால் பின்பக்கம் மடங்கும் ஒல்லியான ஒரு ஜோடியைத் தேர்ந்தார். அதைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வராது. அதற்குக் கொக்குக் கால் என்று பெயர் வைத்தார். அவர் ஊர் ஏரியில் நிற்பது போலவே இருக்கிறதாம்.

பிறகு இரண்டு வாரம் அவர் சண்டையே போடவில்லை. துறைமுகத்தில் வெறுமனே நடந்தார். எந்தச் சுவரோரம் போனால் அடி விழாது, எந்த இடத்தில் தாவினால் சுற்று மிச்சம் என்று பார்த்து நோட்டில் வழி வரைந்தார். நேரம் முடிந்து ஆள் வெடிப்பான். மறுபடி நடப்பார். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர், “இன்னா பாயம்மா, சாவுறதுக்குன்னே ஆடுறியா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் அடுத்த சுவரை நோட்டில் வரைந்துகொண்டிருந்தார். எனக்குத்தான் கோபம் வந்தது. மில்லில் இரும்பை நசுக்கி நீட்டும் ரோலை மாற்றும் நாளில் நாங்களும் முதல் நாளே சாக்கு விரித்து, ஸ்பேனர்களை எடுக்கப்போகும் வரிசையில் அடுக்குவோம். அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அங்கேயும் உண்டு.

கடைசி வாரம் வந்தது. கோபுரங்கள் ஐந்தும் விழுந்தன. பாலத்தில்தான் தோற்றார். மூலையில் இருக்கும் எண்ணை நிமிர்ந்து பார்க்கும் அந்த ஒரு கணத்தில் அடி விழுந்துவிடும். பார்க்காமல் போனால் எப்போது வேகம் கூட்டுவது என்று தெரியாது. வெள்ளிக்கிழமை என்னிடம் கேட்டார்: “அண்ணே, டைம நீங்க பாத்து சொல்றீங்களா?”

தலையாட்டினேன். ஆட்டம் தொடங்கியது. மூன்று நிமிடம் இருந்தபோது சொன்னேன். இரண்டானபோது சொன்னேன். ஒன்றானபோதும் சொன்னேன். பாலத்தின் நடுவில் ஆள் வெடித்தான்.

பாயம்மா திரும்பினார். “ஏண்ணே, ஒண்ணுமே சொல்லல?”

“சொன்னனே” என்றேன். என் வலது கை அவர் முதுகுக்குப் பின்னால் இன்னும் ஒரு விரலை நீட்டிக்கொண்டிருந்தது.

மில் சத்தத்தில் வாயால் பேசி யாருக்கும் கேட்காது. கிரேன் ஓட்டுகிறவருக்கு எல்லாமே விரல்தான். இருபது வருஷப் பழக்கம். பேசாமல் இருக்க அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

“இவ முதுவுல கண்ணு கீதா?” என்று கேட்ட மாமியார் சிரித்த சிரிப்பில் வெற்றிலை சிந்தியது. பாயம்மாவும் சிரித்துவிட்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கம் வந்திருக்காது. தம்பி ஞாயிற்றுக்கிழமை வருகிறான். மிச்சம் ஒரே ஒரு மதியம்.

சனிக்கிழமை வந்ததும் சத்தமாகச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். முதல் ஆட்டத்தில் சொல்லவும் சொன்னேன். என் குரல் டிவி சத்தத்தைத் தாண்டவில்லை. இரண்டாவது ஆட்டம் முதல் கோபுரத்திலேயே போனது. பாயம்மா கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டார். முகத்தில் பதற்றம் இல்லை. நோட்டை ஒருமுறை புரட்டி, வரைந்த வழியில் விரலை ஓட்டினார்.

நான் பையிலிருந்து டிபன் டப்பாவையும் கரண்டியையும் எடுத்தேன். விரல் தெரியாத இடத்தில் வேலை செய்யும்போது நாங்கள் இரும்பில் தட்டுவோம். “அரை நிமிசத்துக்கு ஒரு தட்டு. கடைசி நிமிசத்துல மூணு தட்டு” என்றேன்.

“இது நல்லாக்கீது” என்றார்.

மூன்றாவது ஆட்டம் தொடங்கும்போது மணி ஒன்று பன்னிரண்டு. கொக்குக் கால் சுவரோரமாக ஓடியது. தட்டினேன். கோபுரங்கள் அவர் வரைந்த வரிசையிலேயே விழுந்தன. ஒரு குண்டு தப்பியது. கூடுதலாக வைத்திருந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டார். வெளியே கம்பெனி வண்டியின் ஹாரன் கேட்டது. இரண்டாவது தடவையும் கேட்டது. “உன் வண்டிப்பா” என்றார் மாமியார். நான் எண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்று தட்டு தட்டினேன். பாயம்மா நிமிரவேயில்லை. ஆள் பாலத்தில் ஏறினான். இனி வேலையில்லாத துப்பாக்கியைப் பாதி வழியில் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினான். அந்த யோசனையை அவர் நோட்டில் எப்போதோ எழுதியிருந்தாராம், எனக்குத் தெரியாது. கப்பல் மேல் கால் வைத்தபோது மூலையில் ஆறு என்று இருந்தது.

ஜெயித்தது பெட்டியில் பதிவாகி முடியும்வரை பாயம்மா கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு மாமியார் பக்கம் திரும்பி, “மாமி, அண்ணனுக்குத் தண்ணி குடுங்க” என்றார்.

ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். நான் ஷிஃப்டுக்குத் தாமதமாகப் போனது அன்று ஒரு நாள்தான். ஃபோர்மேன் ஏன் என்று கேட்டார். வண்டியை விட்டுவிட்டேன் என்றேன். அது பொய்யில்லை.

திங்கட்கிழமை மூலை காலியாக இருந்தது. தம்பி வந்தானா என்று நானாகவே கேட்டேன்.

“வந்தான். போட்டுப் பாத்தான். மறுபடியும் போட்டுப் பாத்தான்” என்றார் பாயம்மா. “அப்பால, எந்தக் கால் போட்டேன்னு கேட்டான்.”

“சொன்னீங்களா?”

ஜெராக்ஸ் காகிதங்களைத் தட்டிச் சீராக்கிக்கொண்டே அவர் சொன்னார்: “நோட்ட அவன் கைல குட்துட்டேன். பாத்துக்கினு ஆடட்டும். பதினேழு குண்டுக்கு மேல தூக்காதடான்னு மட்டும் சொன்னேன்.”