நாற்காலிச் சட்டையும் ஏலத்துக்கு வந்த வீடும்

"நாற்காலிக்குச் சட்டை போடுறதுக்கும் தனிக்காசோ?" என்று அப்பா கேட்ட நேரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

கோல்டிங் நகரில் ஒரு கலியாண மண்டபத்தின் நடுவில் நின்றோம். கலியாணம் எனக்கு. மாப்பிள்ளை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் நல்ல மண்டபங்களெல்லாம் ஒரு வருடத்துக்கு முன்பே போய்விடும் என்று யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளையை எப்போதும் பார்த்துக்கொள்ளலாம், மண்டபத்தை முதலில் பிடிக்கவேண்டும் என்பது அவருடைய கணக்கு. மண்டபக்காரர் பொறுமையாக விளக்கினார்: சட்டைக்கு ஒரு விலை, சட்டைக்குப் பின்னால் கட்டும் நாடாவுக்கு ஒரு விலை, நாடாவைக் கட்ட வரும் ஆளுக்கு வேறு விலை.

நான் கைபேசியில் வீடு பார்த்துக்கொண்டிருந்தேன். தனியாக வாடகைக்குப் போகிற கனவு எனக்கு நெடுநாளாக உண்டு, வீட்டில் சொன்னதில்லை. தவறுதலாக விற்பனைப் பக்கத்துக்குப் போய், விலை குறைந்ததிலிருந்து அடுக்கிவிட்டேன். முதலாவதாக வந்தது எங்கள் ஊரான பிராண்டேயில், எங்கள் வீட்டிலிருந்து காரில் ஐந்து நிமிடத்தில் இருக்கும் ஒரு செங்கல் வீடு. கட்டாய ஏலம். கடன் கட்ட முடியாமல் போனவர்களின் வீட்டை நீதிமன்றம் ஏலத்தில் விற்கிறது. நிதி படித்துவிட்டு ஒரு அலுவலகத்தில் பிறருடைய விலைப்பட்டியல்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு இது தெரியாத விஷயமல்ல. தெரிந்ததை என்னோடு சேர்த்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். மண்டபம், சாப்பாடு, நகை, நாடா எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். வங்கி தரும் கடனுக்கு மேல் கையிலிருந்து போடவேண்டிய பங்கு கிட்டத்தட்ட அதுவேதான்.

"அப்பா, இந்த நாற்காலி விக்கிற காசுக்கு வீடே வாங்கலாம்."

"நாற்காலி விக்கிறதில்லை பிள்ளை, சட்டைதான். கவனமாக் கேள்."

வீடு திரும்பும்வரை காரில் நான்தான் கதைத்தேன். குறைந்த விலைக்கு எடுத்து, பூச்சடித்து, சமையலறை மாற்றி, வேனிலில் விற்றுவிடலாம். ஒரே நாளில் இருநூறு பேர் சாப்பிட்டுவிட்டுப் போகிற காசு இரண்டு மடங்காகித் திரும்பி வரும், அதற்குப் பிறகு கலியாணத்தையும் வைக்கலாம். காற்றாலைத் தொழிற்சாலையில் இறக்கைகளுக்குப் பசை பூசும் அப்பா, ஒட்டியது காயும்வரை காத்திருந்து பழகியவர். பிராண்டே வந்ததும்தான் வாயைத் திறந்தார்.

"ஒரு வீடு. ஒரு ஏலம். தவறினா அடுத்த நாளே மண்டபத்துக்குக் காசு கட்டுவன். பிறகு மூச்சு விடப்படாது."

ஒத்துக்கொண்டேன். மூச்சு விடாமல் இருப்பதில் எனக்கு அனுபவம் இல்லை என்பது வேறு கதை.

அம்மாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். மனிதர்கள் விட்டுப்போகிற இடங்களைப் பற்றி அவருக்கு நிறையத் தெரியும். "பிரிஞ்சுபோன புருசன் பெண்சாதியின்ர வீடாம். அழுதுபோட்டுத்தானே போயிருப்பினம்? ஜெபம் பண்ணாமல் அங்கை கால் வைக்கப்படாது" என்றார்.

"சரி அம்மா, ஜெபம் பண்ணுங்கோ."

அதுதான் நான் செய்த தவறு. 'எங்கடை வீட்டில் இருந்து' என்று மூன்று சொல் சேர்த்திருக்கவேண்டும்.

வீட்டைப் பார்வைக்குத் திறந்துவிடும் நாள் வந்தது. வங்கியின் வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞன் சாவியோடு நின்றான். பார்க்க வந்தவர்கள் நானும், வேலை உடுப்போடு வந்த ஒரு தச்சனும் மட்டும். இவ்வளவு குறைந்த கூட்டம் என்றால் விலை ஏறாது என்று உள்ளுக்குள் ஆடிக்கொண்டிருந்தேன். அப்போது தெருமுனையில் அம்மாவின் சிவப்புக் கார் திரும்பியது. அதன் பின்னால் ஒரு வேன். அதன் பின்னால் இன்னும் கார்கள். எங்கள் சபையின் ஜெபக்குழு முழுவதும், மழைச்சட்டையும் வேதாகமமுமாக இறங்கியது.

"அம்மா, ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"ஒரு அன்ரிக்குத்தான் சொன்னனான்."

அந்த ஒரு அன்ரி என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் தந்தார். "வேதத்தில எரிகோப் பட்டணத்தைச் சுத்தின மாதிரி ஏழு தரம் சுத்துவம் பிள்ளை. இந்த வீடு உனக்குத்தான்."

"அன்ரி, எரிகோவில மதில் விழுந்ததெல்லோ? எனக்கு மதில் நிக்கவேணும்."

"விசுவாசத்தில பகிடி விடாதை."

சுற்றினார்கள். தூறலில், மெல்லிய குரலில் பாடிக்கொண்டு, ரோஜாச் செடிகளை மிதிக்காமல் ஒருவர் பின் ஒருவராக. சாவிக்கார இளைஞன் தன் தாள்களை ஒருமுறை புரட்டிப் பார்த்தான். இதற்கு விதி எதுவும் அதில் இல்லை போலும். தச்சன் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது; போட்டி ஒன்று குறைந்த சந்தோஷமாகவும் இருந்தது. மூன்றாவது சுற்றில் வேலிக்கு மேலால் ஒரு வெள்ளைத் தலை எழும்பியது. பக்கத்து வீட்டுக்காரர். ஓய்வு பெற்றவர் என்பது வேலிக்குப் பூச்சடித்திருந்த நேர்த்தியிலேயே தெரிந்தது.

"நீங்கள் ஒரு சங்கமா?" என்று டெனிஷில் கேட்டார். இந்த நாட்டில் மூன்று பேருக்கு மேல் சேர்ந்து நின்றால் அது சங்கமாகத்தான் இருக்கும்.

"சங்கமில்லை, சபை" என்றேன் நான், பண்பாக.

"எல்லா ஞாயிறும் கூடுவீர்களா?"

"எல்லா ஞாயிறும். வெள்ளியிலும் உண்டு."

அவர் தெருவோரம் நின்ற கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்கள் வேனின் ஒரு சில்லு அவருடைய புல்லில் ஏறி நின்றது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது என்னவென்று அன்றைக்கு எனக்கு விளங்கவேயில்லை. நல்ல மனிதர், ஆன்மிகத்தில் ஆர்வம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏல நாளில் அப்பாவும் நானும் நீதிமன்றத்தின் சின்ன அறை ஒன்றில் போய் இருந்தோம். வங்கியின் கடன் உறுதி என் பையில். இதற்கு மேல் போவதில்லை என்ற எல்லை என் தலையில். ஏலத்தொகைக்கு வெளியே கட்டவேண்டிய செலவுகளையும் சேர்த்துத்தான் அந்த எல்லையை வகுத்திருந்தேன். "அப்பா, நான் மட்டும்தான் கேப்பன். நீங்கள் சும்மா இருங்கோ" என்று மூன்று விதமாகச் சொல்லி வைத்திருந்தேன். தச்சன் வரவில்லை. வங்கிக்காரர் ஒரு தொகை சொன்னார். நான் கூட்டினேன். மௌனம். வீடு எனக்குத்தான் என்று காதுக்குள் இரைச்சல் கேட்டது.

அந்த மௌனத்தை அப்பாவால் தாங்க முடியவில்லை. கையைத் தூக்கி இன்னும் பத்தாயிரம் கூட்டினார்.

ஏலத்தை நடத்திய அம்மையார் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இந்த ஐயா தனியாகக் கேட்கிறாரா? உங்களுக்குப் போட்டியாகவா?"

"அப்பா! கடைசியாக் கேட்டது நான்!"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே பிள்ளை. கைவிட்டுப் போயிடுமெண்டு பயந்திட்டன்."

அம்மையார் சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பா கூட்டிய தொகையை அழித்துவிட்டார். அதற்குள் பின்வரிசையில் ஒரு நாற்காலி அசைந்தது. திரும்பிப் பார்த்தால் வெள்ளைத் தலை. கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். என்னைவிட இருபதாயிரம் கூடக் கேட்டார்.

நான் கூட்டினேன். அவர் கூட்டினார். நிதானமாக, வேலிக்குப் பலகை பலகையாகப் பூச்சடிக்கிறவருடைய முகத்தோடு. என் எல்லை வந்தது. நிறுத்தினேன். பக்கத்தில் அப்பாவின் தோள் எழும்பத் தொடங்கியதைக் கண்டேன். காலமெல்லாம் ஒரு சட்டை வாங்கவும் இரண்டு தடவை யோசித்த மனிதருடைய கண்ணில் அப்படி ஒரு பளபளப்பை நான் பார்த்ததேயில்லை.

"இன்னுமொருக்கா, பிள்ளை. ஒரேயொருக்கா."

"மேல்செலவை மறந்திட்டீங்கள் அப்பா. கையைக் கீழ விடுங்கோ."

"அவர் களைச்சுப்போனார், பார்."

அவருடைய வலது கையை என் இரண்டு கைகளாலும் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இடது கை எழும்புமுன் சுத்தியல் விழுந்துவிட்டது. வீடு பக்கத்து வீட்டுக்காரருக்கு.

வெளியே நடைபாதையில் அவரே என்னிடம் வந்தார். கொஞ்சம் வெட்கப்பட்டவர் போலிருந்தது. "கோபிக்கவேண்டாம். உங்கள் பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் தெருவில் ஒரு தேவாலயத்துக்குக் கார் நிறுத்த இடமில்லை."

"எந்தத் தேவாலயம்?"

"நீங்கள் அந்த வீட்டில் கட்டப்போவது."

எங்கள் சபைக்கு ஏற்கெனவே வாடகை மண்டபம் இருக்கிறது என்றும், அன்று வந்தவர்கள் எனக்காக ஒருமுறை ஜெபிக்க வந்தவர்கள் என்றும், நான் பூச்சடித்து ஒரு சின்னக் குடும்பத்துக்கு விற்கத்தான் இருந்தேன் என்றும் விளக்கினேன். சொல்லச் சொல்ல அவர் மெல்லப் பின்வாங்கிச் சுவரோர வாங்குப்பலகையில் உட்கார்ந்தார்.

"மனைவியிடம் வேலிக்குப் பூச்சு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்" என்றார்.

அவருடைய ஓய்வுக்காலப் பணம். இப்போது அவருக்கு இரண்டு வீடு. ஏலத்தில் எடுத்ததை மனம் மாறித் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் ஏலத்தில் எடுத்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். அதை நான் சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். வியாழக்கிழமை பின்னேரம் கோப்பிக்கு வரமுடியுமா என்று கேட்டார். மனைவி வீட்டில் இருப்பதால் கோப்பி காரேஜில்தான் என்றும் சொன்னார்.

காரில் ஏறியதும் நான் முந்திக்கொண்டேன். "தவறிப்போச்சு அப்பா. நாளைக்கு மண்டபத்துக்குக் கட்டுங்கோ."

அப்பா இருக்கைப் பட்டியைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார். "ஆர் சொன்னது தவறினதெண்டு? ஏலம் காரேஜுக்கு மாறியிருக்கு. மண்டபக்காரனுக்கு வெள்ளிக்கிழமை சொல்லுவம்."

ஆக, வியாழன் வரை அவகாசம். நாங்கள் கடைசியாகக் கேட்ட விலைக்கு வீட்டை எங்களுக்கு மாற்றிக் கொடுக்கும்படி கேட்கப்போகிறேன். அதற்கு மேலே ஏறிய தொகையை அவரே தாங்கவேண்டும். முழுவதும் கேட்பது அநியாயம் என்கிறார் அம்மா. பாதி பாதி என்றால் என் லாபம் சமையலறையோடு போய்விடும். இடையில் ஓர் இடத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். பதிலுக்கு, விற்கும்போது ஒரு கார் மட்டும் உள்ள குடும்பமாகப் பார்த்து விற்பதாகச் சொல்லலாம். அவருடைய வேலிக்குப் பூச்சும் வாங்கிக்கொண்டு போகலாம். வெறுங்கையோடு திரும்பிப்போய் மனைவிக்கு என்ன சொல்லிச் சமாளித்தாரோ தெரியாது. எந்த நிறம் என்று கேட்டுவைக்க மறந்துவிட்டேன். நாளைக்கு வேலைக்குப் போகும் வழியில் காரை மெதுவாக விட்டு, அந்த வேலியை ஒருமுறை பார்க்கவேண்டும்.