கிழக்குப் பார்த்த ஆமைக்கூடு

டென்மார்க்கில், ஸ்கீவ என்ற சிறு நகரில் எங்களுக்கு வீடு தந்த கிழவியிடம் ஒரு ஆமை இருந்தது. பெரிய சுளகு அளவு. கப்பலில் வேலை பார்த்த அவருடைய கணவர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து, அதை இவரிடம் விட்டுவிட்டுச் செத்துப்போனார். கோடை முழுவதும் அது தோட்டத்தில் புல் மேய்ந்தது. நான் அந்தப் பக்கத்து யன்னல் சீலையை இழுத்துவிட்டிருந்தேன். வயிற்றில் முதல் பிள்ளை. ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பம் விளங்காது என்று கேட்டு வளர்ந்தவள் நான்.

எண்பதுகளின் நடுப்பகுதியில், அகதிகளாக வந்த எங்களுக்கு வீடு தர அந்தத் தெருவில் வேறு யாரும் இருக்கவில்லை. அவர் மேல்மாடியில், நாங்கள் கீழே. "இவர்களை உள்ளே விட்டால் வீடு நாசம் என்று தெருவில் சொன்னார்கள். எங்கே நாசம்?" என்று சுவரைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார். அவருடைய அரைகுறை ஆங்கிலத்தை என் கணவர் தன்னுடைய அரைகுறை ஆங்கிலத்தால் பிடித்து எனக்குத் தமிழில் தருவார். நினைத்த நேரம் எங்கள் குசினிக்குள் வந்து கறிச்சட்டியைத் திறந்து மணந்து பார்ப்பார். வீட்டைச் சூடாக்கும் கொதிகலனைப் பார்க்க வந்தேன் என்று ஒரு சாட்டு.

அந்தக் கொதிகலன் நின்ற சின்ன அறை எங்கள் குசினிக்குப் பின்னால் இருந்தது. குளிர் தொடங்கியதும் வந்து, இனி ஆமை அங்கேதான் இருக்கும், ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் என்றார். அந்த இன ஆமை குளிர்காலத்தில் உறங்குவதில்லை, சூடு இல்லாவிட்டால் செத்துவிடும். இவருக்கோ இடுப்பில் வருத்தம், அதை மேலே தூக்க ஏலாது. நான் சிரித்த முகத்தை மாற்றாமல் கணவரிடம் தமிழில் சீறினேன்.

"இஞ்சருங்கோ, ஆமையை வீட்டுக்க விடேலாது. என்னத்தையெண்டாலும் சொல்லுங்கோ."

"நான் என்னத்தைச் சொல்லுறது? அவவின்ர வீடு."

"வெளியில ஒரு வீடு கட்டித் தாறம் எண்டு சொல்லுங்கோ."

கணவர் அதைச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், பெரிய உயிர்களுக்குத் தனி வீடு கட்டி மரியாதை செய்வது எங்கள் வழக்கம் என்றும் சேர்த்துவிட்டார். கிழவியின் கண் கலங்கிவிட்டது. என்னைக் கட்டிப்பிடித்தார். எனக்கு உடம்பு கூசியது.

அதற்குப் பிறகு இந்தக் கதை தெருவெல்லாம் போனது. எங்களைக் கண்டால் நாயை இழுத்துக்கொண்டு மறுபக்கம் மாறியவர்கள் பலகை கொண்டுவந்தார்கள். பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர் குட்டிகளுக்குக் கொளுத்தும் சிவப்புச் சூட்டு விளக்கைத் தந்தார். இரட்டைச் சுவர், நடுவில் சூடு காக்கும் கண்ணாடிப் பஞ்சு, நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்த்திய தளம், மேலே வைக்கோல். என் கணவர் ஊரில் கணக்கு வாத்தியார்; ஆணியை விட விரலில்தான் அதிகம் அடித்தார். பக்கத்து வீட்டுத் தச்சர் வாசலுக்குத் தெற்குப் பக்கத்தைக் காட்டினார். வெயில் அங்கேதான், கிழக்குக் காற்று கொல்லும் என்றார்.

"தெற்கால வாசலோ? அது யமன்ர திசை. ஆமைக்கெண்டாலும் கிழக்காலதான் வைக்கவேணும்," என்றேன் நான். உள்ளே விடப் பயந்த பிராணிக்கு வாசல் சாத்திரம் பார்த்தேன். இதுவும் எங்கள் வழக்கம் என்று கணவர் மொழிபெயர்க்க, அத்தனை பேரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. ஆனாலும் வாசலை மாற்றச் சொல்லவில்லை.

தை மாதம் கிழக்குக் காற்று வந்தது. வாசலில் கதவுக்குப் பதிலாகத் தொங்கிய ரப்பர்ப் பட்டிகளைக் கிளப்பிக்கொண்டு பனி உள்ளே அடித்தது. சூட்டு விளக்கில் ஈரம் பட்டு அது வெடித்துப்போனது. காலையில் மேலேயிருந்து பார்த்த கிழவி, சிவப்பு வெளிச்சத்தைக் காணாமல் இறங்கி ஓடியிருக்கிறார். என் கணவர் டெனிஷ் வகுப்புக்குப் போய்விட்டார். பின்கதவு தட்டப்பட்டது. திறந்தேன்.

சிறுபிள்ளைகளின் பனிச்சறுக்குப் பலகையில் ஆமையை வைத்து இழுத்து வந்திருந்தார். அதன் தலை வெளியே தொங்கியது, உள்ளே இழுக்கவில்லை. அவர் குளிர், குளிர் என்றார். எனக்கு விளங்கிய சில டெனிஷ் சொற்களில் அதுவும் ஒன்று. எனக்குப் பின்னால் கொதிகலன் இரைந்துகொண்டிருந்தது. ஒரு கை கதவு நிலையில், மற்றது வயிற்றில். இல்லை என்று சொல்லவும் எனக்கு டெனிஷில் தெரிந்திருந்தது. "நை," என்றேன்.

அவர் என் வயிற்றைப் பார்த்தார், ஆமையைப் பார்த்தார், நிலையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். அந்தத் தனி வீட்டை ஏன் கட்டினோம் என்று அவருக்கு அந்த நேரத்தில் விளங்கியது. நான் அதைக் கண்ணால் கண்டேன். பலகையைத் திருப்பிக்கொண்டு முன்பக்கம் போனார். பிறகு படியில் சத்தம் கேட்டது. ஆமையை ஒரு படியில் வைப்பார், முனகுவார், தானும் ஏறுவார். கடைசிப் படி வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டு குசினியில் நின்றேன்.

ஆமை பிழைத்துவிட்டது. நடந்ததைக் கேட்ட கணவர் மரம் அறுக்கும் வாளை எடுத்துக்கொண்டு போய்த் தெற்கே வாசல் வெட்டி, கிழக்கைப் பலகையால் அடைத்தார். நான் போய் ஆணி எடுத்துக் கொடுத்தேன். அதே பண்ணைக்காரர் வேறொரு விளக்குத் தந்தார்.

பங்குனியில் மகள் பிறந்தாள், குறையொன்றும் இல்லாமல். வீட்டுக்கு வந்த அன்றே கிழவி கீழே இறங்கி வந்தார், கையில் பின்னிய சிவப்புத் தொப்பி. குசினிக் கதவு திறந்துதான் கிடந்தது. அவர் வாசற்படிக்கு வெளியே நின்றார். எனக்கு விளங்க வேண்டும் என்று டெனிஷில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார்.

"நான் உள்ளே வரலாமா?"

நாங்கள் அந்த வீட்டில் இருந்த காலம் முழுவதும், தன் சொந்த வீட்டுக்குள் வர, அவர் ஒவ்வொரு முறையும் அப்படிக் கேட்டுவிட்டுத்தான் வந்தார்.